பெங்களூரில் வீடு வாங்க, விற்க: சுவரைக் கடைசியாகப் பாருங்கள்

போன வருடம் ஆடி முடிந்த கையோடு என் அத்தை மகன் போன் பண்ணினான். ராமமூர்த்தி நகர் பக்கம் ஒரு வீடு, 30க்கு 40 மனை, கீழே ஒரு குடித்தனம், மேலே ஒரு குடித்தனம். "பார்த்ததுமே பிடிச்சுப் போச்சு மச்சான். கிரானைட்டு, தேக்குக் கதவு, கிச்சன் எல்லாம் புதுசா பண்ணியிருக்காங்க. வெள்ளிக்கிழமை அட்வான்ஸ் குடுத்துடலாம்னு இருக்கேன்" என்றான். வெள்ளிக்கிழமைக்கு முன்னால் நானும் ஒரு தரம் பார்த்துவிடுகிறேன் என்று போனேன்.

கீழ்வீட்டை அவன் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தபோது நான் மாடிக்கு ஏறினேன். மேல்வீட்டில் கிருஷ்ணகிரிப் பக்கத்து அம்மா ஒருவர் இருந்தார். தண்ணீர் கேட்டுக் குடித்துவிட்டு, வாடகை எவ்வளவும்மா என்று விசாரித்தேன். "வாடகை இல்லப்பா, லீஸு. பன்னெண்டு லட்சம் குடுத்திருக்கோம். இன்னும் ஒன்றரை வருஷம் இருக்கு" என்றார். விற்பவர் அதுவரை அந்தப் பன்னிரண்டு லட்சத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. மொத்தமாகப் பணத்தைக் கொடுத்துக் குடியிருக்கும் இந்த லீஸ் முறை, ஊரில் நாம் போக்கியம் என்போமே அதுதான், பெங்களூரில் தெருவுக்குத் தெரு உண்டு. பெரும்பாலும் ஒரு ஸ்டாம்ப் பேப்பரோடு சரி. ரிஜிஸ்டர் பண்ணாததால் வில்லங்கச் சான்றில் வராது. வீடு கைமாறினால் அந்த அம்மா பணத்துக்குப் புது உரிமையாளரின் வாசலில்தான் வந்து நிற்பார். அவர் வேறு யாரைக் கேட்பார்?

இருபது வருடத்துக்கு மேலாகக் கட்டட மேற்பார்வை வேலையில் இருக்கிறேன். சொந்தக்காரர்களும் தெரிந்தவர்களும் வீடு பார்க்கப் போகும்போது கூட்டிக்கொண்டு போவார்கள். எல்லோரும் முதலில் பார்ப்பது டைல்ஸையும் அலமாரியையும்தான். அவற்றைப் பணம் கொடுத்தால் மாற்றிவிடலாம். பத்திரமும் நிலமும் தண்ணீரும் அப்படியில்லை. அதனால் நான் பார்க்கிற வரிசை தலைகீழ்: முதலில் காகிதம், பிறகு நிலம், பிறகு தண்ணீர், அதற்கப்புறம் கட்டடம், கடைசியில் விலை. விற்பவரும் இதே வரிசையில் தன் வீட்டைப் பார்த்துத் தயார் செய்யலாம்.

முதல் படி: காகிதம்

தமிழ்நாட்டிலிருந்து வருபவர்கள் "பட்டா இருக்கா?" என்றுதான் கேட்பார்கள். இங்கே அந்த இடத்தில் பேசப்படுவது காத்தா. அது சொத்துவரிக் கணக்கு. இந்தச் சொத்துக்கு இன்னார் வரி கட்டுகிறார் என்பதற்கான பதிவு. உரிமையைக் காட்டுவது கிரையப் பத்திரம் போன்ற பதிவுப் பத்திரங்கள்தான். "காத்தா என் பேர்ல இருக்கு சார்" என்று ஒருவர் சொல்வதால் வீடு அவருடையது ஆகிவிடாது.

காத்தாவில் ஏ, பி என்று இரண்டு உண்டு. லேஅவுட்டுக்கு அங்கீகாரம், விவசாய நிலத்தை வீட்டுமனையாக மாற்றிய டி.சி. கன்வர்ஷன், பிளான் எல்லாம் ஒழுங்காக இருந்தால் ஏ காத்தா. ஏதோ ஒன்று குறைந்தால் வரி வாங்குவதற்காக மட்டும் வைத்திருக்கும் பதிவேட்டில் பி காத்தா. பி காத்தா வீட்டுக்குப் பல வங்கிகள் கடன் தருவதில்லை, அதனால் திரும்ப விற்கும்போதும் வாங்குபவர் வட்டம் சுருங்கிவிடும். பி-யை ஏ-வாக மாற்றிக்கொள்ள 2025-இல் அரசு ஒரு வழி திறந்தது. "மாத்திடலாம் சார்" என்று விற்பவர் சொன்னால், மாற்றிய பிறகு பேசலாம் என்று சொல்லுங்கள். இல்லையென்றால் அந்தச் செலவை விலையில் கழியுங்கள்.

2024 கடைசியிலிருந்து இ-காத்தா, அதாவது காத்தாவின் இணைய வடிவம், இல்லாமல் பெங்களூரில் பத்திரப் பதிவு நடப்பதில்லை. அதை டவுன்லோட் செய்து பெயர், நீள அகலம், நான்கு பக்க எல்லை மூன்றையும் கிரையப் பத்திரத்தோடு ஒப்பிடுங்கள். இதையெல்லாம் கொடுத்துவந்த பழைய ஒற்றை மாநகராட்சியான பி.பி.எம்.பி. இப்போது இல்லை. 2025-இல் கிரேட்டர் பெங்களூரு ஆணையத்தின் கீழ் ஐந்து மாநகராட்சிகளாகப் பிரித்துவிட்டார்கள். வீடு எந்த மாநகராட்சியில் வருகிறது என்று தெரிந்துகொண்டு போனால் அலைச்சல் மிச்சம்.

பத்திரங்கள் பல கன்னடத்தில் இருக்கும். பேசத் தெரியும், படிக்கத் தெரியாது என்பவர்கள் நம்மில் நிறைய. புரோக்கர் படித்துச் சொல்வதை நம்பாதீர்கள். அவருக்கு வீடு விற்றால்தான் கமிஷன். உங்கள் சொந்தச் செலவில் வைத்துக்கொள்ளும் வக்கீலிடம் ஒவ்வொரு பத்திரத்துக்கும் எழுத்தில் கருத்து வாங்குங்கள். அளவு விஷயத்திலும் கவனம் வேண்டும். இங்கே சென்ட், கிரவுண்ட் கிடையாது, குண்ட்டா. ஒரு குண்ட்டா 1,089 சதுர அடி, அதாவது இரண்டரை சென்ட். நாற்பது குண்ட்டா ஒரு ஏக்கர். 30க்கு 40 என்றால் 1,200 சதுர அடி, அரைக் கிரவுண்டு.

வக்கீலிடம் கேட்க வேண்டியவை: தாய்ப்பத்திரம் தொடங்கி இன்றுவரை கைமாறிய சங்கிலி அறுபடாமல் இருக்கிறதா, முப்பது வருட வில்லங்கச் சான்று சுத்தமா. பதிவுத்துறையின் காவேரி இணையதளத்தில் 2004 ஏப்ரலுக்குப் பிந்தைய பதிவுகள் கிடைக்கும். அதற்கு முந்தியதற்கு சப்-ரிஜிஸ்ட்ரார் ஆபீசில் தனியாக மனுப் போட வேண்டும். பலர் இந்த இரண்டாவது பாதியை விட்டுவிடுகிறார்கள், சிக்கல் அங்கேதான் ஒளிந்திருக்கும். பவர் பத்திரத்தை வைத்து மட்டும் விற்கிறார் என்றால் விலகிவிடுங்கள். அப்படிப்பட்ட விற்பனை உரிமையை மாற்றாது என்று உச்ச நீதிமன்றம் 2011-லேயே சொல்லிவிட்டது. தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கு அரசு கொடுத்த நிலமாக ஒரு காலத்தில் இருந்ததா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். அரசின் அனுமதியில்லாமல் அதை விற்றால் 1978-ஆம் வருடத்துச் சட்டப்படி விற்பனையே செல்லாது. பெங்களூரு வளர்ச்சி ஆணையமான பி.டி.ஏ. கையகப்படுத்த நோட்டிபிகேஷன் போட்ட சர்வே நம்பரா என்பதும் அதே பட்டியலில் சேர வேண்டும்.

பிளாட் என்றால் கூடுதலாக ஓ.சி., அதாவது குடியேற்றச் சான்று. 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இதில் கறாராகத் தீர்ப்பு சொன்ன பிறகு, ஓ.சி. இல்லாத புதுக் கட்டடங்கள் கரண்ட், தண்ணீர் இணைப்புக்கே திண்டாடின. படி, லிப்ட் மாதிரிப் பொது இடங்களையும் சேர்த்த சூப்பர் பில்ட்-அப் கணக்கில் விலை சொல்வார்கள். ரியல் எஸ்டேட்டை ஒழுங்குபடுத்தும் ரெரா சட்டம் வரையறுத்திருக்கும் கார்ப்பெட் ஏரியா, அதாவது வீட்டுக்குள் நிஜமாகப் புழங்கும் இடம், எவ்வளவு, நிலத்தில் உங்களுக்கு வரும் பிரிக்கப்படாத பங்கு எவ்வளவு என்று இரண்டு எண்களைக் கேட்டு வாங்குங்கள். பழைய பிளாட்டில் முப்பது வருடம் கழித்து மிஞ்சப் போவது அந்தப் பங்கு ஒன்றுதான்.

இரண்டாம் படி: நிலம்

போனில் திஷாங்க் என்ற கர்நாடக அரசின் செயலியை ஏற்றிக்கொள்ளுங்கள். மனையில் நின்றபடி திறந்தால், கால் இருக்கும் இடம் எந்த கிராமம், எந்த சர்வே நம்பர் என்று காட்டும். பத்திரத்தில் இருக்கும் சர்வே நம்பரோடு அது ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஏரி, ராஜகாலுவே, சாகுபடிக்கு ஆகாதது என்று ஒதுக்கிய அரசு கராப் நிலம் எல்லாம் அந்த வரைபடத்தில் தெரியும்.

ராஜகாலுவே என்பது ஏரியிலிருந்து ஏரிக்கு மழைநீரைக் கொண்டுபோன பழைய வாய்க்கால். பெங்களூரின் ஏரிகள் சங்கிலியாகக் கோக்கப்பட்டவை. மேட்டு ஏரி நிரம்பினால் கீழேரிக்கு ஓடும். அந்த ஓட்டப்பாதையில் வீடு கட்டினால் தண்ணீர் வீட்டைத்தான் தேடி வரும். 2015 மாஸ்டர் பிளான்படி பெரிய வாய்க்காலின் நடுவிலிருந்து 50 மீட்டர், இரண்டாம் நிலைக்கு 25, மூன்றாம் நிலைக்கு 15 மீட்டர் காலியாக விட வேண்டும். 2016-இலும், வெள்ளம் வந்த 2022-இலும், வாய்க்காலை ஆக்கிரமித்ததாகச் சொல்லி வீடுகளை இடித்தார்கள். அவற்றில் பல, பத்திரம் பதிந்து வரி கட்டி வந்தவர்களின் வீடுகள். தாங்கள் வாய்க்கால்மேல் குடியிருக்கிறோம் என்றே தெரியாதவர்கள், பிள்ளைகளோடு தெருவில் நின்றதை நேரில் பார்த்தேன். இந்த ஒரு விஷயத்தில் நான் இவ்வளவு நேரம் நிற்பதற்குக் காரணம் அதுதான்.

ஊர்ப்பெயரையும் காது கொடுத்துக் கேளுங்கள். கெரே என்றால் ஏரி. சந்திரா என்று முடியும் ஊர்களில் இருப்பது சமுத்திரம், அதாவது பேரேரி என்பார்கள். மெஜஸ்டிக் பஸ் நிலையம் ஒரு காலத்தில் தர்மாம்புதி ஏரி, கண்டீரவா ஸ்டேடியம் சம்பங்கி ஏரி. கோரமங்களாவில் எஸ்.டி. பெட் என்று ஒரு லேஅவுட் இருக்கிறது. பெட் என்பது ஏரிப் படுகை. அங்கே இன்றைக்கும் பெருமழையில் தண்ணீர் நிற்கும்.

வெயில் நாளில் பார்த்த வீட்டை மழை நாளில் ஒரு தரம் பார்க்காமல் முடிவு செய்யாதீர்கள். செப்டம்பர், அக்டோபர் மாலை மழை விட்ட அரைமணி நேரத்துக்குள் போய் நில்லுங்கள். தெருவின் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது? காம்பவுண்டுச் சுவரில் முழங்கால் உயரத்தில் பழைய கறைக்கோடு உண்டா? தெருமுனை இஸ்திரி வண்டிக்காரரிடமும் கேளுங்கள். இருபது வருடமாக அதே மரத்தடியில் நிற்கும் அவர், எந்த வீட்டில் எந்த வருடம் தண்ணீர் புகுந்தது என்று சொல்லிவிடுவார். அவர் தமிழராகவே இருக்கவும் வாய்ப்புண்டு.

பிறகு டேப்பைப் பிடித்து மனையை நான்கு பக்கமும் அளந்துவிடுங்கள். ஒரு அடி குறைந்தாலும் 30க்கு 40 மனையில் முப்பது நாற்பது சதுர அடி போய்விடும்.

மூன்றாம் படி: தண்ணீர்

காவேரித் தண்ணீர் நூறு கிலோமீட்டர் தூரத்திலிருந்து மேடேறி வருகிறது. நகரத்தின் பழைய பகுதிகளுக்கு அது எப்போதோ வந்துவிட்டது. மாநகராட்சியோடு பிற்பாடு சேர்ந்த 110 கிராமங்களுக்கு 2024 அக்டோபரில் ஐந்தாம் கட்டத் திட்டம் வந்தது. திட்டம் வந்த பகுதியிலும் உங்கள் தெருவுக்குக் குழாய் வந்ததா, வந்த குழாயில் தண்ணீர் வருகிறதா என்று தனித்தனியாகக் கேட்க வேண்டும். குடிநீர் வாரியமான ஜல மண்டலியின் பில்லை வாங்கி ஆர்.ஆர். நம்பரை, அதாவது இணைப்பு எண்ணைப் பாருங்கள். பில் இருக்கும், யூனிட் பூஜ்யமாக இருக்கும். அப்படியென்றால் இணைப்பு காகிதத்தில் மட்டும்தான்.

போர்வெல் இருந்தால் ஆழம், போட்ட வருடம், கோடையில் எத்தனை நிமிடம் தொடர்ந்து ஓடும் என்று கேளுங்கள். கிழக்குப் பக்கம் ஆயிரம் அடி ஆழத்தைத் தாண்டிப் போனவையும் உண்டு. 2024 மார்ச்சில் பல லேஅவுட்களில் போர் வற்றி, டேங்கருக்கு வரிசை நின்றார்கள். குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவிக்கிற நிலைமை. "2024 மார்ச்சில் மாதம் எத்தனை டேங்கர் வாங்கினீர்கள்?" என்று விற்பவரிடம் கேளுங்கள். அபார்ட்மெண்ட் என்றால் சங்கத்தின் அந்த மாதக் கணக்கையே கேட்கலாம். குளியலறைக் குழாயில் வெள்ளையாகப் படிந்திருந்தால் உப்புத்தண்ணீர். கீசரும் வாஷிங் மெஷினும் சீக்கிரம் போகும்.

நான்காம் படி: கட்டடம்

இப்போது சுவருக்கு வரலாம். பகலில் போங்கள், கையில் ஒரு டார்ச், ஒரு ரூபாய் நாணயம், அளவுகோல். வெளிச்சத்தைச் சுவரோடு ஒட்டிச் சாய்த்து அடித்தால் மேடு பள்ளமும் பூச்சு ஒட்டும் பளிச்சென்று தெரியும். அத்தை மகனின் வீட்டில் படுக்கையறையின் ஒரு சுவரில் மட்டும் இடுப்புவரை பெயிண்ட் புதிதாக இருந்தது. நாணயத்தின் விளிம்பால் தட்டினேன். மற்ற சுவர் கெட்டியாகச் சத்தம் கொடுத்தது, இது பொத்தென்றது. சுரண்டியதும் பூச்சு ஈரமாக விரலில் ஒட்டியது. அந்தச் சுவருக்குப் பின்னால் குளியலறை. பைப் ஜாயின்ட் எங்கேயோ கசிகிறது, பெயிண்டால் மறைத்திருக்கிறார்கள்.

விரிசல் என்றாலே பயப்பட வேண்டாம். பூச்சில் வலை வலையாக ஓடும் மயிர்க்கோடுகள் சிமெண்ட் காய்ந்ததால் வருபவை. கூரைத் தளத்துக்கு நேர் கீழே படுக்கையாக ஓடும் கோடு பெரும்பாலும் வெயிலில் தளம் விரிந்து சுருங்குவதால் வருவது. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஏறி, ஒரு முனையில் அகலமாக இருந்தால் அஸ்திவாரம் ஒரு பக்கம் இறங்கியிருக்கலாம். நாணயத்தின் விளிம்பு உள்ளே நுழைந்தால் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் பார்க்காமல் மேலே பேசாதீர்கள். பீமின் அடியில் நீளவாக்கில் பழுப்புக் கறையோடு கோடு ஓடினால் உள்ளே கம்பி துருப்பிடித்திருக்கிறது. அதைச் சரிசெய்ய ஆகும் செலவு கிரானைட்டின் விலையைத் தாண்டும்.

மாடி எண்ணிக்கை இங்கே தனிக்கவலை. ஒரு மாடிக்குப் போட்ட அஸ்திவாரத்தில் வாடகை ஆசையில் மூன்று, நான்கு மாடி ஏற்றிவிடுகிறார்கள். 2024 அக்டோபரில் ஹென்னூர் அருகே பாபுசாப்பாளையத்தில் கட்டிக்கொண்டிருந்த பல மாடிக் கட்டடம் சரிந்து கூலித் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். அனுமதி பெற்ற பிளானைக் கேட்டு வாங்கி, அதில் எத்தனை தளம், நேரில் எத்தனை தளம், பக்கவாட்டில் எவ்வளவு இடம் விட வேண்டும், எவ்வளவு விட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். ஒன்பதுக்கு ஒன்பது அங்குலத் தூண்மேல் நான்கு தளம் நின்றால் அந்த வீட்டில் யாரையும் குடிவைக்காதீர்கள்.

குளியலறையின் தண்ணீர் போகும் வாயை அடைத்து, இரண்டு அங்குலம் நீரைத் தேக்கி ஒரு நாள் விட்டு, கீழ்த்தளக் கூரையில் ஈரம் வருகிறதா என்று பார்ப்பது நல்ல சோதனை. விற்பவர் சம்மதிக்க வேண்டும், நிறையப் பேர் சம்மதிப்பார்கள். கரண்டுக்கு: மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் இ.எல்.சி.பி. டெஸ்ட் பொத்தானை அமுக்கினால் விழ வேண்டும். மின்சாரம் தரும் பெஸ்காம் நிறுவனத்தின் பில்லில் பெயரும் அனுமதித்த லோடும் பார்த்துக்கொள்ளுங்கள். வாஸ்து பார்ப்பவர்கள் பாருங்கள். அதற்காகத் தூணை இடித்து நகர்த்த மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

ஐந்தாம் படி: விலை

நிலத்தையும் கட்டடத்தையும் பிரித்துக் கணக்குப் போடுங்கள். புரிவதற்காக ஒரு உதாரணம். எண்களை உங்கள் தெருவுக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளுங்கள். 1,200 சதுர அடி மனை, அடி 8,000 ரூபாய் என்றால் 96 லட்சம். கட்டடம் இரண்டு தளமும் சேர்த்து 1,800 சதுர அடி, இன்று கட்ட அடிக்கு 2,200 என்றால் 39.6 லட்சம். கான்கிரீட் கட்டடத்துக்கு ஆயுள் 60 வருடம் என்று வைத்து, 20 வருடம் ஓடியிருந்தால் மிச்சம் மூன்றில் இரண்டு பங்கு: 26.4 லட்சம். ஆக 1 கோடியே 22 லட்சத்து 40 ஆயிரம். இதிலிருந்து ரிப்பேர், லீஸ்காரர் பணம், பி காத்தா மாற்றும் செலவைக் கழியுங்கள். வாடகையாலும் உரசிப் பாருங்கள்: இரண்டு குடித்தனமும் சேர்ந்து மாதம் 32,000 தந்தால் வருடம் 3.84 லட்சம், விலையில் சுமார் 3.1 சதவீதம். புரோக்கர் சொல்லும் விலையில் அது 2-க்குக் கீழே இறங்கினால், வரப்போகும் மெட்ரோவின் விலையையும் இன்றே உங்களிடம் வாங்குகிறார்கள் என்று புரிந்துகொள்ளலாம்.

மனை விலையை இணைய விளம்பரத்திலிருந்து எடுக்காதீர்கள். அது கேட்கும் விலை. அதே தெருவில் ஒரு வருடத்துக்குள் கைமாறிய வீட்டுக்காரரிடம் நேரில் போய்க் கேளுங்கள், இரண்டு பேராவது உண்மையைச் சொல்வார்கள். அரசின் வழிகாட்டி மதிப்பு குறைந்தபட்சக் கோடு மாதிரி. கர்நாடகத்தில் 2023 அக்டோபரில் அதை உயர்த்தினார்கள்.

விலைக்கு மேல் ஆகும் செலவு: 45 லட்சத்துக்கு மேற்பட்ட சொத்துக்கு முத்திரைத் தீர்வை 5 சதவீதம், அதன்மேல் செஸ், சர்சார்ஜ் சேர்ந்து 5.6. பதிவுக் கட்டணம் 2025 ஆகஸ்ட் கடைசியில் 1-லிருந்து 2 ஆனது. மொத்தம் 7.6, கோடிக்கு 7 லட்சத்து 60 ஆயிரம். விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் வாங்குபவர் 1 சதவீதம் டி.டி.எஸ். பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டும். விற்பவர் வெளிநாட்டில் இருப்பவர் என்றால் கணக்கே வேறு, ஆடிட்டரைப் பாருங்கள்.

விற்பவருக்கு

அப்பா காலமாகி, வீடு இன்னும் அவர் பெயரிலேயே இருக்கும் குடும்பங்கள் நம்மிடையே நிறைய. அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் மூன்று தலைமுறை வீடுகளில் இதுதான் முதல் முடிச்சு. வம்சாவளிச் சான்று எடுத்து, காத்தாவை வாரிசுகள் பெயருக்கு மாற்றி, அக்கா தங்கைகளின் கையெழுத்தையும் முன்னாலேயே வாங்கிவிடுங்கள். இந்து குடும்பங்களில் மகளுக்கும் மகனுக்கும் சமபங்கு. பூர்வீகச் சொத்திலும் அப்படித்தான் என்று 2005 திருத்தமும் 2020 உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் உறுதியாக்கிவிட்டன. "கல்யாணத்துக்கே செஞ்சாச்சு" என்ற பேச்சு பத்திர ஆபீசில் நிற்காது. அவர்களுக்குச் சேர வேண்டியதைச் சேர்த்துவிட்டுக் கையெழுத்து கேளுங்கள்.

கசிவு இருந்தால் சரிசெய்துவிட்டுச் சொல்லுங்கள், மேலே பெயிண்ட் அடித்து மறைக்காதீர்கள். லீஸ்காரர் இருந்தால் முதல் பேச்சிலேயே சொல்லி, அவர் பணத்தைக் கிரையத் தொகையிலிருந்து நேராக அவருக்கே கொடுப்பதாக ஒப்பந்தத்தில் எழுதுங்கள். முன்பணத்தை வங்கி வழியாக மட்டும் வாங்குங்கள். 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால் அதே அளவு அபராதம் வரலாம். இரண்டு வருடத்துக்கு மேல் வைத்திருந்த வீட்டின் லாபத்துக்கு 12.5 சதவீத வரி. 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கியது என்றால், பணவீக்கத்தைச் சரிக்கட்டி 20 சதவீதம் கட்டுவது லாபமா என்றும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

அத்தை மகன் அந்த வீட்டை வாங்கினான். பன்னிரண்டு லட்சம் காசோலையாகக் கிருஷ்ணகிரி அம்மாவின் கைக்குப் போனது. குளியலறைக் கசிவுக்காக விலையில் இரண்டு லட்சம் குறைத்துக்கொண்டார்கள். பதிவு முடிந்த அன்று அவனை வீட்டுக்கு அனுப்பாமல், கரண்ட் மீட்டரையும் தண்ணீர் மீட்டரையும் தேதியோடு போட்டோ எடுக்க வைத்தேன். அந்த வாரமே காத்தா மாற்றத்துக்கும், பெஸ்காம், ஜல மண்டலி பெயர் மாற்றத்துக்கும் மனுக் கொடுத்தோம். பழைய பாக்கி வந்தால் அந்த இரண்டு போட்டோவும்தான் கையில் இருக்கும் சாட்சி.